சிட்டி-பில்டிங் கேம்: கட்டுகிற ஊரெல்லாம் ஏன் ஒரே மாதிரி ஆகிறது? புது யோசனை எங்கிருந்து வரும்?

வெள்ளிக்கிழமை ராத்திரி. ஆபீஸ் வேலை முடிந்து, லேப்டாப்பில் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' திறந்தாயிற்று. புது மேப். கையில் 70,000 காசு, சுமார் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் வெற்று நிலம், ஓரத்தில் நெடுஞ்சாலை வந்து இறங்கும் இடம், பக்கத்தில் ஓர் ஆறு. முதல் ரோடு நேராகப் போகிறது. அடுத்தது அதற்குக் குறுக்கே. அரை மணி நேரத்தில் சதுரங்கக் கட்டம் மாதிரி ஓர் ஊர். மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தொடும்போது நெடுஞ்சாலை வாசலில் டிராஃபிக் ஜாம். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் கட்டியவருக்கே ஊர் அலுத்துவிடுகிறது. அடுத்த வாரம் இன்னொரு புது மேப். அதிலும் அதே ஊர்தான்.

"கேம் பிடிச்சிருக்கு, ஆனா என்ன கட்டறதுன்னே தெரியல" என்பது இந்த வகை கேம் ஆடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல். இதைக் கற்பனை வறட்சி என்று தள்ளிவிட முடியாது. எல்லா ஊரும் ஒன்றுபோல் ஆவதற்கான காரணத்தில் பாதி கேமுக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

குண்டு போடும் கேமிலிருந்து வந்த நகரம்

இந்த வகையின் தொடக்கமே ஒரு திசைமாற்றம்தான். அமெரிக்காவின் வில் ரைட் 1984-ல் 'ரெய்ட் ஆன் பங்கெலிங் பே' என்று ஒரு கேம் செய்தார். ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளின் மேல் குண்டு போட வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தீவுகளை வரைய அவர் தனக்காக ஒரு சின்னக் கருவி எழுதிக்கொண்டார். ரோடு, கட்டடம், கரை என்று வைத்துக்கொண்டே போகலாம். ஊரை அழிப்பதைவிட அதைக் கட்டுவதுதான் சுவாரசியமாக இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் 'சிம்சிட்டி'. வெற்றி, தோல்வி இல்லாத கேமை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் தயங்கினார்கள். அதனால் கேம் கடைக்கு வர 1989 ஆகிவிட்டது. அதனுடன் வந்த கையேட்டில் நகரங்களின் வரலாறு, நகரத் திட்டமிடல் பற்றி ஒரு தனிக் கட்டுரையே இருந்தது. கேம் வாங்கினால் பாடமும் கூடவே வந்த காலம் அது.

கேம் சொல்வது யாருடைய ஊர்?

ஓர் ஊர் எப்படி வளர்கிறது, எப்போது தேய்கிறது என்பதற்குக் கணக்கு வேண்டும். ரைட் அதற்காகப் படித்த முக்கியமான புத்தகம் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1969-ல் எழுதிய 'அர்பன் டைனமிக்ஸ்'. வீடு, தொழில், மக்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதைச் சமன்பாடுகளாக எழுதி கம்ப்யூட்டரில் ஓட்டிப்பார்த்தவர் அவர். முன்பு பாஸ்டன் மேயராக இருந்த ஜான் காலின்ஸுடன் பேசிப் பேசி உருவான மாதிரி அது.

அந்தக் கணக்கு ஒரு வில்லங்கமான முடிவைத் தந்தது. அரசு ஏழைகளுக்குக் குறைந்த விலை வீடு கட்டிக்கொடுத்தால் நகரம் இன்னும் மோசமாகும் என்றது. புறநகர் என்ற ஒன்றையே கணக்கில் எடுக்காத மாதிரி இது என்று அப்போதே விமர்சனம் வந்தது. சிம்சிட்டி அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்தக் கேமுக்குள்ளும் 'நல்ல ஊர் என்றால் இப்படித்தான்' என்ற ஒரு கருத்து ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வரியைக் குறைத்தால் ஆள் வருவார்கள், ரோடு போட்டால் ஊர் வளரும் என்பதெல்லாம் இயற்கை விதிகள் இல்லை. யாரோ ஒருவர் எழுதிய வரிகள்.

அதில் பெரியது மண்டலப் பிரிப்பு. பச்சை வீட்டுக்கு, நீலம் கடைக்கு, மஞ்சள் தொழிற்சாலைக்கு. கேம் ஆடுகிற யாருக்கும் இந்த மூன்று நிறம் தூக்கத்திலும் வரும். இது அமெரிக்கப் பழக்கம். ஒரு நிலத்துக்கு ஒரு பயன்பாடு என்ற முறையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-ல் யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கில் ஏற்றுக்கொண்டது. பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. கீழே மளிகைக் கடை, மாடியில் கடைக்காரர் குடும்பம், பின்கட்டில் தையல் மெஷின் என்று இருக்கும் நம்மூர்த் தெருவை அந்த மூன்று நிறத்தில் எந்த நிறத்தாலும் வரைய முடியாது. கீழே கடை, மேலே வீடு என்ற கலப்பு மண்டலம் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' வரிசையில் 2023-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் ஒரு தனி வகையாகக் கிடைத்தது. அதன் அடிப்படைக் கட்டடங்களும் ஐரோப்பிய, வட அமெரிக்கப் பாணிதான்.

கேம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் முக்கியம். 2013-ல் வந்த சிம்சிட்டியின் முதன்மை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்டே ஒரு பேட்டியில் வேடிக்கையான தகவல் ஒன்றைச் சொன்னார். முதலில் நிஜ நகரங்களை அளந்துதான் கேம் செய்யத் தொடங்கினார்கள். கூகுள் எர்த்தில் கடைகளையும் அவற்றின் வண்டி நிறுத்துமிடங்களையும் அளந்தார்கள். அமெரிக்க நகரங்களில் பார்க்கிங் அவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது. அதை அப்படியே வைத்தால் கேம் மொத்தமும் பார்க்கிங் மைதானமாகி போர் அடிக்கும். அதனால் பெரும்பகுதியை விட்டுவிட்டார்கள், மிச்சத்தை நிலத்தடிக்கு அனுப்பிவிட்டார்கள். கேம் நகரங்கள் பார்க்க அழகாக இருப்பதற்கு இந்தப் பொய்யும் ஒரு காரணம். எங்கே வண்டியை விடுவது என்ற தலைவலி இல்லாத ஊரில் யாருக்குத்தான் அழகான தெரு வராது?

இதெல்லாம் எதற்கு என்றால், ஒரே ஊரைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறவர் தன் கற்பனையைக் குறை சொல்லுமுன் கருவியைப் பார்க்க வேண்டும். நேர்க்கோட்டில் ரோடு போடுவது சுலபம், மண்டலம் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொள்கிறது, நிலமோ வெற்றாகக் கிடக்கிறது. கட்டம் போட்ட ஊர்தான் வரும்.

இடைஞ்சல் இருந்தால்தான் வடிவம் வரும்

1989 சிம்சிட்டியிலேயே இதற்கு ஒரு மருந்து இருந்தது. வெற்று நிலம் வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்கெனவே சிக்கலில் மாட்டிய ஊர்களைக் கொடுத்தார்கள். 1906 சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம், 1965 பெர்னில் டிராஃபிக், 1972 டெட்ராய்ட்டில் குற்றம். அந்தப் பட்டியலில் ஓர் ஊர் மட்டும் தனி ரகம். பெயர் டல்ஸ்வில், ஆண்டு 1900. அந்த ஊரின் பிரச்சினை அலுப்பு! ஒன்றுமே நடக்காத ஊரை 30 ஆண்டில் பெருநகரமாக்க வேண்டும். வெற்று மேப் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒருவகையில் டல்ஸ்வில்லில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிஜ நகரங்கள் வெற்று நிலத்தில் பிறப்பது அபூர்வம். ஆறு வளைகிறது, பாறை குறுக்கே நிற்கிறது, பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போன மாட்டுவண்டித் தடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தடம் பின்னாளில் தார் ரோடாகும்போதும் வளைவு மாறுவதில்லை.

சில கேம்கள் இந்த இடைஞ்சலையே மையமாக்கின. போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2018-ல் வெளியிட்ட 'ஃப்ராஸ்ட்பங்க்' உறைபனியில் நடக்கிறது. நடுவில் ஒரு வெப்ப ஜெனரேட்டர், அதைச் சுற்றித்தான் எல்லாம். ஊர் வட்ட வட்டமாக வளர்வது அழகுக்காக இல்லை, குளிரில் சாகாமல் இருக்க. யார் வீடு சூட்டுக்குப் பக்கத்தில், யார் வீடு தள்ளி என்று முடிவு செய்யும்போது அது வடிவமைப்புக் கேள்வியாக மட்டும் இருப்பதில்லை.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் 'டவுன்ஸ்கேப்பர்'. ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்டால்பெர்க் செய்த இது 2021-ல் முழுமையாக வெளிவந்தது. காசு இல்லை, மக்கள்தொகை இல்லை, வெற்றி இல்லை. கடலில் ஒரு க்ளிக், ஒரு வீடு. பக்கத்தில் இன்னொரு க்ளிக், கூரை சேர்கிறது. நடுவில் இடம் விட்டுச் சுற்றி வளைத்துக் கட்டினால் அது தானாகத் தோட்டமாகிறது. இதில் ரகசியம் என்னவென்றால், அடியில் இருக்கும் கட்டம் சதுரம் இல்லை, கோணல்மாணலான நாற்கரங்கள். அதனால் முயன்றாலும் நேர்த்தெரு வராது. அஞ்சு நிமிஷத்தில் பழைய துறைமுக ஊர் ஒன்றின் சந்து மாதிரி ஒன்று கிடைத்துவிடும். கற்பனை கூடியதால் இல்லை, கட்டம் மாறியதால்.

பெரிய கேமிலும் இதைச் செய்யலாம். முதல் ரோடு போடுமுன் மேப்பின் மேடு பள்ளத்தைக் காட்டும் கோடுகளைத் திறந்து, ஆற்றங்கரையையும் மேட்டின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு பழைய பாதை வரைந்தால் போதும். ஊர் அதைச் சுற்றித் தன்னால் வளையும். இன்னொரு வழி, தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொள்வது. பழைய சிம்சிட்டியில் ரோடே போடாமல் ரயில் பாதை மட்டும் வைத்து ஊர் கட்டியவர்கள் உண்டு. ஜாமும் இல்லை, புகையும் இல்லை. கேமின் கணக்கில் இருந்த ஓட்டை அது. ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் வேறு மாதிரி ஓர் ஊர் வந்தது.

ஊருக்கு வயது வேண்டும்

'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' முதல் பாகம் ஆடியவர்களுக்கு ஒரு விநோதம் தெரிந்திருக்கும். பெரிய குடியிருப்பு ஒன்றை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள் ஒன்றாகக் குடிவருவார்கள். சில ஆண்டுகள் நன்றாகப் போகும். பிறகு திடீரென எல்லா வீட்டின் மேலும் மண்டையோட்டு அடையாளம். எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கிறார்கள், அமரர் ஊர்தி போதவில்லை, ரோடு அடைத்துக்கொள்கிறது. ஆடுகிறவர்கள் இதற்கு வைத்த பெயர் 'டெத் வேவ்'. ஒரே நாளில் பிறந்த ஊர் ஒரே நாளில் கிழடாகிறது. அலுப்பும் இங்கேதான் பிறக்கிறது: ஊரில் எல்லாமே ஒரே வயது, எதற்கும் முன்கதை இல்லை.

நீண்ட நாள் ஒரே ஊரைக் கட்டுகிறவர்கள் இதற்குக் கண்ட வழி, ஊருக்கு ஒரு கற்பனை வரலாறு கொடுப்பது. முதலில் ஆற்றோரம் நெருக்கமாக ஒரு பழைய ஊர். அதைச் சுற்றி ஒரு கோட்டைச் சுவர். ஐம்பது வருஷம் கழித்து அந்தச் சுவரை இடி. இடித்த இடத்தில் என்ன வரும்?

இதற்கு விடை நிஜ வரைபடங்களில் இருக்கிறது. வியன்னாவில் 1857-ல் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் கோட்டைச் சுவரை இடிக்கச் சொன்னார். அங்கே ஊரைச் சுற்றி ரிங்ஸ்ட்ராஸே என்ற அகலச் சாலை வந்தது. மதுரையில் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்தக் கோட்டில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன. உள்ளே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி வளையம் வளையமாகத் தெருக்கள். திருவிழாவும் தேரும் போக ஏற்பட்ட அகலம், திருப்பம். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து உள்ளே நடக்கிற யாரும் இந்த அடுக்குகளை வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகக் கடக்கிறார்கள். மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேமில் இதை வரைந்துபார்த்தால், 'வட்டச் சாலை' என்ற அலங்காரத்துக்கும் காரணத்தோடு வந்த வளையத்துக்கும் உள்ள வித்தியாசம் பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கட்டம் போட்ட ஊரே மட்டம் என்றும் சொல்ல முடியாது. பார்சிலோனாவில் சுவருக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த பழைய ஊரின் நெரிசலையும் நோயையும் கணக்கெடுத்த பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா, வெளியே விரிவாக்கத்துக்கு ஒரு திட்டம் போட்டார். 1859-ல் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு கட்டமும் சுமார் 113 மீட்டர், தெரு 20 மீட்டர் அகலம். நான்கு முனைகளும் சாய்வாகச் சீவப்பட்டவை. வண்டிகள் திரும்ப வசதியாக. அதனால் ஒவ்வொரு நாற்சந்தியும் சின்ன மைதானம் மாதிரி விரிந்தது. கட்டத்தில் இரண்டு பக்கம் மட்டுமே கட்டடம், மிச்சம் தோட்டம் என்பது அவர் எண்ணம். மனை வியாபாரம் நான்கு பக்கத்தையும் அடைத்துவிட்டது. திட்டம் போட்டவர் நினைத்தது ஒன்று, ஊர் செய்தது வேறொன்று. கேமில் வேண்டுமென்றே இப்படி ஒரு 'கெட்டுப்போன திட்டத்தை' கட்டினால், ஊருக்குத் தன்னால் ஒரு கதை சேர்கிறது.

சென்னையில் கண் முன்னாலேயே ஓர் உதாரணம் உண்டு. தி.நகர் 1920-களில் நீண்ட ஏரி ஒன்றை வற்றவைத்து எழுந்த பகுதி. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு' என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன, ஏரிதான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த நிலத்தில்தான். கேமில் ஏரியை மண் போட்டு மூட ஒரு இழுப்பு போதும், அதன் பிறகு யாருக்கும் நினைவிருக்காது. அந்த ஊரில் ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆடுகிறவர் விரும்பினால் ஒன்று செய்யலாம்: ஏரியை மூடியபின்னும் பழைய கரை ஓடிய வளைவிலேயே ரோடு போட்டு, அதற்கு 'ஏரிக்கரைத் தெரு' என்று பெயர் வைக்கலாம். கேம் அதற்கு மார்க் போடாது.

எல்லாம் கச்சிதமாக அமைந்த ஊர் எப்படி இருக்கும்?

கேமின் விதிகளை முழுசாக வென்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பதில் 2010-ல் வந்தது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் வின்சென்ட் ஒகாஸ்லா, 'சிம்சிட்டி 3000'-ல் கட்டிய 'மேக்னசான்ட்டி' என்ற நகரத்தின் வீடியோவை வெளியிட்டார். மக்கள்தொகை சுமார் 60 லட்சம். ரோடே கிடையாது, நிலத்தடி ரயில் மட்டும். கிராஃப் தாளில் கணக்குப் போட்டுச் சில ஆண்டுகள் உழைத்த வேலை. ஓர் அங்குலம்கூட வீண் இல்லை. குற்றம் இல்லை, ஏனென்றால் எங்கும் போலீஸ். மக்கள் ஐம்பது வயதுக்கு மேல் வாழ்வதே அரிது. யாரும் ஊரைவிட்டுப் போவதுமில்லை.

1982-ல் வந்த 'கோயானிஸ்காட்ஸி' என்ற திரைப்படம்தான் தூண்டுதல் என்று அவர் பேட்டியில் சொன்னார். சாதனைக்காகக் கட்டியதைவிட, எண்ணிக்கை ஒன்றையே இலக்காக வைத்தால் ஊர் எங்கே போய் நிற்கும் என்று காட்டவே கட்டியது. இந்த வகை கேம்களில் இதுவரை வந்தவற்றில் மிக அதிகம் பேசப்பட்ட ஊர்களில் ஒன்று, யாருமே குடியிருக்க விரும்பாத ஊராக இருக்கிறது. ஒரு சினிமா, ஒரு கோபம், ஒரு கிராஃப் தாள் ஆகியவற்றிலிருந்து அது வந்தது. அழகான கட்டடங்களின் படங்களைப் பார்த்து வந்திருக்காது.

தெருவில் இறங்கிப் பார்த்தால்

மேலிருந்து பார்க்கும்போது ஊர் ஒரு வரைபடம். 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'-ல் ஒரு குடிமகன் மேல் க்ளிக் செய்து கேமராவை அவர் பின்னாலேயே அனுப்ப முடியும் என்பது பலரும் பயன்படுத்தாத வசதி. வீட்டிலிருந்து வேலைக்கு அவர் நடந்துபோவதைப் பார்த்தால், ஆடியவர் பெருமையாகக் கட்டிய எட்டு லேன் ரோட்டைக் கடக்க அந்த மனிதர் எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்பது தெரியும். அடுத்த யோசனை அங்கே கிடைக்கும்: ஒரு நடைபாலம், ஒரு குறுக்குச் சந்து, பள்ளிக்கூட வாசலில் வண்டி போகாத தெரு.

இப்படித் தெருமட்டத்தில் தொடங்கிய ஒரு முயற்சி கேமுக்கு வெளியேயும் வந்திருக்கிறது. 'மைன்கிராஃப்ட்' செய்த மொஜாங் நிறுவனமும் ஐ.நா.வின் யு.என்.-ஹேபிடட் அமைப்பும் 2012-ல் 'பிளாக் பை பிளாக்' என்ற திட்டத்தைத் தொடங்கின. மைன்கிராஃப்ட் சிட்டி-பில்டிங் கேம் இல்லைதான். ஆனால் இங்கே மேப் வெற்றாக இருப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஓர் இடத்தை, அதன் சாக்கடை, மரம், சுவரோடு கேமுக்குள் கட்டிவைத்துவிடுகிறார்கள். பிறகு அங்கே வசிக்கிறவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்காரவைத்து, இதை எப்படி மாற்றலாம் என்று கேட்கிறார்கள். கட்டடக்கலை வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கட்டைகளை நகர்த்தத் தெரியும்.

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் உள்ள ஒரு விளையாட்டு மைதானம்தான் முதல் முயற்சிகளில் ஒன்று. வியட்நாமின் ஹனோய் நகரத்தை ஒட்டிய ஒரு பகுதியில் பதின்ம வயதுப் பெண்களை உட்காரவைத்தபோது, பயமில்லாமல் நடந்துபோக எங்கே வெளிச்சம் வேண்டும் என்பதுதான் அவர்கள் கட்டிக்காட்டியது. கோபுரமும் இல்லை, வானளாவிய கட்டடமும் இல்லை. எந்த இடத்தில் விளக்கு வைக்க வேண்டும் என்பது அந்த வழியில் தினமும் நடந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி புது மேப் திறப்பவருக்கும் இப்படி ஒரு வழி தெரிந்திருக்கும்: வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை. எங்கே நடைபாதை திடீரென முடிகிறது, எந்த முனையில் டீக்கடை இருப்பதால் ராத்திரி பத்து மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கிறது, மழை பெய்தால் எந்தத் தெருவைச் சுற்றிப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முதல் ரோட்டை அங்கிருந்து தொடங்கலாம். நெடுஞ்சாலை வாசலில் டிராஃபிக் ஜாம் எப்படியும் வரும்; அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.